நர்சிங் சேரும் பிள்ளைக்கும் ஊருக்குள் போகும் பிள்ளைக்கும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் என் போன் ஓயாது. "டீச்சர், பாப்பா 430 வாங்கியிருக்கா. நர்சிங் போடலாமா? எந்த காலேஜ் நல்லாயிருக்கும்?" வேலூர்ப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் 19 வருஷம் கம்யூனிட்டி பாடம், அதாவது ஊருக்குள் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் சுகாதாரப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். கேட்கிறவர்கள் ஹாஸ்டலைப் பற்றிக் கேட்பார்கள், ஃபீஸைப் பற்றிக் கேட்பார்கள், வெளிநாட்டு வேலை கிடைக்குமா என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "அந்த காலேஜ் பிள்ளைங்க எந்த ஊருக்குப் போஸ்டிங் போறாங்க?" கொஞ்ச நேரம் போனில் சத்தமே வராது.

போஸ்டிங் என்றால் வேலை இல்லை, படிக்கும்போதே ஊருக்குள் போய் எடுக்கும் பயிற்சி. அந்தக் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன் படிப்பு எது என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள்.

ஏ.என்.எம். என்ற துணை செவிலியர் படிப்பு 2 வருஷம். துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் கிராம சுகாதார செவிலியர், அதாவது நம் ஊரில் வி.எச்.என். அம்மா என்பவர்கள், அந்தப் படிப்பு வழி வந்தவர்கள். ஜி.என்.எம். என்ற பொது செவிலியர் டிப்ளமோ 3 வருஷம். பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம், 8 செமஸ்டர். இதற்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியலோடு ஆங்கிலமும் இருக்க வேண்டும். சேரும் வருஷம் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். டிப்ளமோ முடித்தவர்கள் 2 வருஷம் போஸ்ட் பேசிக் படித்தால் பி.எஸ்சி. ஆகிவிடும். அப்புறம் எம்.எஸ்சி. 2 வருஷம். அதற்கு முன் ஒரு வருஷமாவது வேலை பார்த்த அனுபவம் கேட்பார்கள். நான் டிப்ளமோ, போஸ்ட் பேசிக், எம்.எஸ்சி. என்று சுற்றி வந்தவள். வீட்டில் அப்போது நாலு வருஷத்துக்குப் பணம் இல்லை. டிப்ளமோவில் சேர்ந்தால் அதோடு முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் 'ஒரே வருஷத்தில் நர்சிங்' என்று போர்டு வைத்திருப்பார்கள். அதைப் படித்தால் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லையென்றால் அரசு வேலையும் இல்லை, வெளிநாடும் இல்லை. கிளினிக்கில் மாசச் சம்பளத்துக்கு நிற்கலாம், அவ்வளவுதான். எந்தக் கல்லூரியானாலும் மூன்று பேர் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்: இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சில், பட்டம் தரும் பல்கலைக்கழகம். மாநில கவுன்சில் 1926-ம் வருஷச் சட்டத்தில் வந்தது. படித்து முடித்தபின் பதிவெண் வாங்குவது அங்கேதான். பல்கலைக்கழகம் என்பது நம் பக்கத்துக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றுக்குக் கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். கல்லூரி ஆபீஸில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் சர்டிபிகேட்டில் எந்த வருஷத்துக்கு, எத்தனை சீட்டுக்கு என்று போட்டிருக்கும். அதை நின்று படியுங்கள். யாரும் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் பழையதை மாட்டி வைக்கிறார்கள்.

சரி, ஊர்க் கேள்விக்கு வருவோம்.

வார்டில் நோயாளி நம் இடத்துக்கு வந்து படுத்திருக்கிறார். நாம் சொன்னால் கேட்பார், கேட்கிற மாதிரியாவது இருப்பார். ஊரில் அப்படி இல்லை. நாம்தான் அவர் வாசலில் போய் நிற்கிறோம். கதவைத் திறக்கலாம், திறக்காமலும் போகலாம். அங்கே போய்ப் பேசத் தெரிந்த பிள்ளை வார்டிலும் நன்றாகவே பார்த்துக்கொள்வாள். இது என் அனுபவம். வார்டு டீச்சர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

வேலூர்க்காரி என்பதால் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சொல்லாமல் விட முடியாது. நான் அங்கே படித்தவளும் இல்லை, வேலை பார்த்தவளும் இல்லை. அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் நூறு வருஷத்துக்கு முன்பே ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தி, வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். 1909-ல் அங்கே நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். 1946-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் அது பட்டப்படிப்பானது. அதே வருஷம்தான் டெல்லியிலும் நர்சிங் பட்டப்படிப்பு ஆரம்பித்தது. பாகாயத்தில் சாட் என்று ஒரு சமுதாய நல ஆஸ்பத்திரி. கணியம்பாடி ஒன்றியத்து ஊர்கள் அதன் கையில். கே.வி.குப்பத்தில் 1977-லிருந்து ரூசா என்ற கிராம நலத் திட்டம். இது போதாதென்று நர்சிங் கல்லூரியே தனியாக ஒரு சமுதாய நலத் திட்டம் நடத்துகிறது. எல்லாக் கல்லூரிக்கும் நூறு வருஷம் எங்கே கிடைக்கும்? வருஷா வருஷம் போகிற ஒரு ஊராவது இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

அதை எப்படித் தெரிந்துகொள்வது? கல்லூரியைப் பார்க்கப் போகும் அன்றைக்கே, "உங்க ஃபீல்டு ஏரியா எது?" என்று ஆபீஸில் கேளுங்கள். பெயரைச் சொல்வார்கள். பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போங்கள். டீக்கடையில் வேண்டாம், டீக்கடை ஆண்களுக்கு ஒன்றும் தெரியாது. அங்கன்வாடிக்குப் போய்க் கேளுங்கள்: "நர்சிங் பிள்ளைங்க வர்றாங்களாமே, என்ன பண்ணுவாங்க?" நான் ஒரு தடவை சொந்தக்காரப் பெண்ணுக்காக இப்படி ஒரு ஊருக்குப் போனேன். எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. அங்கன்வாடி ஆயா சொன்னது இது: "வருஷா வருஷம் வராங்கம்மா. வீட்ல எத்தனை பேரு, கக்கூஸ் இருக்கா, ரேஷன் கார்டு என்ன கலரு, எல்லாம் கேட்டு எழுதிக்குவாங்க. எழுதிக்கிட்டுப் போனா போனதுதான்." அந்தப் பெண்ணை வேறு இடத்தில் சேர்த்தோம். இன்னொரு ஊரில் பதில் இப்படி வந்தது: "எங்க மாமியாருக்கு சுகர் இருக்கறதக் கண்டுபிடிச்சதே அந்தப் பசங்கதான்." நான் எந்தக் கல்லூரிக்குத் தலையாட்டுவேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு டீச்சருக்கு எத்தனை மாணவிகள் என்றும் கேளுங்கள். 10 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. 40 பிள்ளைகளை ஒரே பஸ்ஸில் ஏற்றி ஊர் நடுவில் இறக்கிவிட்டு, டீச்சர் பஞ்சாயத்து ஆபீஸ் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தால் அதற்குப் பெயர் போஸ்டிங் இல்லை, பிக்னிக்.

இனிமேல் பேச்சு படிக்கப்போகும் பிள்ளையோடுதான், அதனால் 'நீ' என்றே சொல்கிறேன்.

இப்போதுள்ள பாடத்திட்டப்படி கம்யூனிட்டி உனக்கு 5-வது செமஸ்டரில் ஒரு தடவை, 7-வது செமஸ்டரில் ஒரு தடவை வரும். ஒவ்வொன்றிலும் 160 மணி நேரம் ஃபீல்டு. 8-வது செமஸ்டர் இன்டர்ன்ஷிப்பில் இன்னும் 4 வாரம். தியரிக்கு 80 சதவீதம் அட்டெண்டன்ஸ் போதும். ஆனால் பட்டம் வாங்குவதற்குள் பிராக்டிகல் மணி நேரம் நூற்றுக்கு நூறு முடித்திருக்க வேண்டும். லீவு போட்டால் பிறகு தனியாளாகப் போய் ஈடுகட்ட வேண்டியிருக்கும். தோழிகள் வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை நீ மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு கிராமத்தில் நடப்பாய்.

முதல் வீட்டுக்கு எப்படிப் போவது?

செருப்பை மற்ற செருப்புகள் கிடக்கும் இடத்தில் விடு. செருப்பே கிடக்காவிட்டால் வாசற்படிக்கு வெளியே. "உள்ளே வரலாமா" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நில். அவர்கள் தரையில் இருந்தால் நீயும் தரையில் உட்கார். ஒரே பிளாஸ்டிக் நாற்காலியை உனக்குப் போட்டுவிட்டு வயசான அம்மா நின்றுகொண்டிருந்தால் அவரை அதில் உட்கார வை. தண்ணீர் கொடுத்தால் குடி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: ஊர்த்தெருவில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, காலனியில் 'வேண்டாங்க, பாட்டில் இருக்கு' என்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தெருவில் அதற்கப்புறம் நீ சொல்லும் எதுவும் ஏறாது. தண்ணீரில் நிஜமாகவே பயம் இருந்தால் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி வேண்டாம் என்று சொல்.

அடுத்து பை. கம்யூனிட்டி பையைத் தரையில் வைக்கக் கூடாது, கட்டிலிலும் வைக்கக் கூடாது. பையின் வெளி அறையில் இருக்கும் நியூஸ் பேப்பரை முதலில் எடுத்து விரி, அதன்மேல் பை. சோப்பையும் துண்டையும் எடுத்து, அவர்கள் வீட்டுத் தண்ணீரிலேயே கை கழுவு. அப்புறம்தான் பையின் உள் அறையில் கை போக வேண்டும். வேலை முடிந்ததும் கருவிகளைச் சுத்தம் செய்து, மறுபடி கை கழுவி, உள்ளே வை. பேப்பரைத் தரையில் பட்ட பக்கம் உள்ளே போகும்படி மடி. பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டுக் களத்தில் மறந்துபோவது இந்த மடிப்புதான். வீட்டுக்கு வீடு கிருமியைச் சுமந்துபோகும் வேலையை நீயே செய்யாமல் இருக்கத்தான் இந்தச் சடங்கெல்லாம். இன்னொன்றும் நடக்கும்: நீ கை கழுவுவதை அந்த வீட்டுப் பிள்ளை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும். கை கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே பாடம் முடிந்திருக்கும்.

யூரின் டெஸ்ட் இன்னும் கேட்பார்கள். சர்க்கரை இருந்தால் நிறம் மாறும் பெனடிக்ட் திரவத்தை 5 மில்லி எடுத்து ஸ்பிரிட் விளக்கில் முதலில் தனியாகச் சூடு பண்ணு; நிறம் மாறாவிட்டால்தான் திரவம் நல்லது. அப்புறம் 8 சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வை. நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று போகப்போக அதிகம். குழாயின் வாய் உன்னையும் பார்க்கக் கூடாது, அந்த அம்மாவையும் பார்க்கக் கூடாது, பொங்கித் தெறிக்கும். குளுக்கோமீட்டர் காலத்தில் இது எதற்கு என்பாய். எனக்கும் பெரிய பிடிவாதம் கிடையாது. ஆனால் நிறம் மாறுவதைக் கண்ணால் பார்த்த ஒரு தாத்தா, அன்றைக்கே டீயில் சர்க்கரையை நிறுத்தினார்; மெஷின் காட்டிய நம்பர் அவரை அசைத்ததே இல்லை. ஒன்று மட்டும் மறக்காதே: வீட்டில் மருமகன் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பெண்ணிடம் 'யூரின் பிடிச்சுத் தாங்க' என்று கேட்காதே. டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டை முடித்துவிட்டு வா.

எங்கள் பக்கம் பீடி சுற்றும் வீடுகள் நிறைய. மடியில் முறம், முறத்தில் தூள், கை நிற்காது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. நீ பேச வந்ததற்காக அவள் கையை நிறுத்தினால் அது அவள் காசு. அதனால் சுற்றிக்கொண்டே பேசட்டும். பி.பி. பார்க்க மட்டும் கையைக் கேள்; அதற்கு முன் 5 நிமிஷம் கையை ஓயவிட்டு உட்காரச் சொல். அந்த 5 நிமிஷத்தில்தான் விஷயமே வெளியே வரும். இருமல் எத்தனை நாளாக என்று அப்போது கேள். 2 வாரத்துக்கு மேல் என்றால் சளிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். 'தூளு நெடிதான்' என்று அவளே சமாதானம் சொல்லிக்கொள்வாள். நீயும் அதையே எழுதிவிடாதே.

இரும்புச் சத்து மாத்திரை விஷயத்துக்கு வா. கர்ப்பிணிகளுக்கு 4-ம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாளாவது கொடுக்கிறார்கள். வாங்கிக்கொள்வார்கள், சாப்பிட்டார்களா என்பது வேறு. "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டால் "போட்டேன்" என்றுதான் பதில் வரும். "எத்தனை மிச்சம் இருக்கு, கொண்டு வாங்க பார்க்கலாம்" என்று கேள். அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து முழு அட்டையாக வரும். குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று மாமியார் சொல்லியிருப்பார். மாமியாரைத் திட்டாதே. அவரையும் உட்கார வைத்து, மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரை வேலை செய்கிற அடையாளம்தான், குழந்தை நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று பொறுமையாகச் சொல். குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல். டீ, காபியோடு வேண்டாம். எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நல்லது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் அங்கே நின்று பாடம் நடத்தாதே, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இப்போது சர்வே. என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன்.

டிப்ளமோ இரண்டாம் வருஷம். ஒரு நாளைக்கு 15 வீடு முடிக்க வேண்டும். மத்தியானம் 12 மணி வெயில். ஒரு வீட்டு வாசலில் நின்றபடியே கேட்டேன், "குழந்தைங்க எத்தனை?" முற்றத்தில் இரண்டு பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தன. அந்த அம்மா பதில் சொல்வதற்குள் '2' என்று எழுதிவிட்டேன். அவளும் திருத்தவில்லை. மறுவாரம் எங்கள் டீச்சர் பத்து வீட்டில் ஒன்றைச் சரிபார்க்கப் போனார். அந்த வீடு மாட்டியது. அவர் உள்ளே போய் உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். பின்கட்டில், கோணிமேல் ஒரு பையன். ஏழு வயது. நடக்க வராது, பேச்சு வராது. யாரும் அவனை எந்தக் கணக்கிலும் எழுதியிருக்கவில்லை. டீச்சர் என்னைத் திட்டவில்லை. ஃபார்மை என் கையில் கொடுத்து '2'ஐ அடித்து '3' என்று எழுதச் சொல்லி, பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு மனு எழுதும் வேலையும் எனக்கே வந்தது.

அதனால் எண்ணிக்கையை வாசலில் நின்று கேட்காதே. "பெரியவன் பேர் என்ன? அடுத்தது? அதுக்கு அடுத்தது?" என்று பேர் கேட்டு எழுது. "இறந்துபோன குழந்தை ஏதாவது உண்டா?" என்பதை உட்கார்ந்த பிறகு, மெதுவாகக் கேள்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில், சத்துக் குறைவைக் காட்டும் கை அளவு நாடாவை மறக்காதே. 6 மாதத்திலிருந்து 5 வயதுவரை, மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பில் வந்தால் உடனே அனுப்பு. நாடாவை இறுக்கினால் எல்லாக் குழந்தையும் சிவப்பு. தோலைத் தொட்டும் அமுக்காமலும் இருக்க வேண்டும்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலைச் செய்துகாட்டும்போது கல்லூரி அளவுக் குடுவையை எடுத்துப் போகாதே. அந்த வீட்டில் அது ஏது? கடையில் விற்கும் 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலால் அளந்து அவர்கள் குண்டானில் ஊற்று. எங்கே வந்து நிற்கிறதோ அங்கே ஒரு அடையாளம் காட்டு. ஒரு பாக்கெட் முழுசாக, 1 லிட்டரில், 24 மணி நேரத்துக்குள். பாதி பாக்கெட்டை டம்ளரில் கலக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

முகாம் போடுவதென்றால் முதலில் நேரத்தைப் பார். காலை 10 மணிக்கு ஷாமியானா போட்டு, பேனர் கட்டி, ரிப்பன் வெட்டினால் கூட்டம் வராது. எல்லாரும் நூறு நாள் வேலையிலோ கழனியிலோ இருப்பார்கள். வருகிறவர்கள் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள். சாயந்திரம் 6 மணிக்கு, கோயில் வாசல் விளக்கு வெளிச்சத்தில் பெஞ்ச் போட்டு பி.பி. பார்த்துப் பார். ஆம்பளைகள் அப்போதுதான் கிடைப்பார்கள். பொம்மலாட்டம் போடுகிறாயா, போடு. ஆனால் குடியைப் பற்றிய நாடகத்தை எல்லா ஊரிலும் போடாதே. பார்த்துப் பார்த்து அவர்களுக்கு வசனமே தெரியும்.

யாருக்காவது பி.பி.யோ சர்க்கரையோ அதிகம் வந்தால் 'ஆஸ்பத்திரிக்குப் போங்க' என்று சொல்லி அனுப்பாதே. எந்த ஆரம்ப சுகாதார நிலையம், என்ன கிழமை, எத்தனை மணிக்கு, யாரைப் பார்க்க வேண்டும் என்று சீட்டில் தமிழில் எழுதிக் கொடு. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் நடக்கிறது. அதில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்காரராகவே இருப்பார். போஸ்டிங் முதல் நாளே அவரையும் வி.எச்.என். அம்மாவையும் போய்ப் பார். உனக்கு எல்லாம் தெரியும் என்ற தோரணையோடு போனால் வி.எச்.என். அம்மா ஒரு ரெஜிஸ்டரும் காட்ட மாட்டார். அவர் ஒருவர் கையில் ஏறக்குறைய 5,000 பேர். மலை ஊரென்றால் 3,000. எந்த வீட்டில் யார் எத்தனை மாசம் என்று பார்க்காமலே சொல்வார். அவர் பின்னாலேயே ஒரு நாள் நடந்தால் போதும், என் கிளாஸில் ஒரு மாசம் உட்கார்ந்ததற்குச் சமம்.

ஆண் பிள்ளைகள் கேட்பார்கள், 'எங்களை உள்ளே விடுவாங்களா மேடம்?' விடுவார்கள். மாணவி ஒருத்தியோடு சேர்ந்து போ, கதவைத் திறந்தே வை, முதலில் வீட்டுப் பெரியவருக்கு பி.பி. பார். பிரசவம், மாதவிலக்குக் கேள்விகளை அவளிடம் விட்டுவிட்டு வெளியே வந்து நில்.

வீட்டுக்கு ஒன்றாக எழுத வேண்டிய ஃபேமிலி ஃபோல்டரை ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பாதே. ஐந்து வீட்டுக்கும் ஒரே உணவுப் பட்டியல், 'காலை இட்லி 4, சாம்பார் 1 கப்' என்று இருந்தால் எனக்கு உடனே தெரிந்துவிடும். காலையில் பழையது சாப்பிடுகிற வீடு அது. பழையது என்றே எழுது. நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டார்கள், யார் கடைசியாகச் சாப்பிட்டது, அவளுக்குக் குழம்பு மிஞ்சியதா என்று கேட்டு எழுது. வாய்மொழித் தேர்வில், அதாவது வைவாவில், எக்ஸாமினர் அதைப் பற்றித்தான் கேட்பார், நீயும் தடுமாறாமல் சொல்வாய்.

கடைசி நாள் எல்லாரும் குரூப் போட்டோ எடுப்பீர்கள். அதற்கு முன் ஒரு வேலை பாக்கி. உன் வீடுகளில் யாரைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல், பேரும் தெருவும் காரணமும் போட்டு, இரண்டு காப்பி எழுது. ஒன்று வி.எச்.என். அம்மாவுக்கு, ஒன்று அடுத்து வரும் பேட்சுக்கு. அப்புறம் அந்த வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வா. அந்த பீடிக்கார அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், "அப்போ அடுத்த வாரம் யாரும்மா வருவாங்க?" என்று கேட்பாள். யார் வருவார்கள் என்று முன்கூட்டியே டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போ.